கையெழுத்துக்கு முன்

வெரிபீ
23 மார்ச் 2025

என் அன்பு மகள் தாட்சாயினிக்கு,

அம்மா எழுதுகிறேன். எனக்கு இங்கே சுகத்துக்கு ஒரு குறையும் இல்லை. சிட்னியில் புது வேலையும் புது வீடும் உனக்கு ஒத்துப்போக வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

அடிக்கடி போனில் கதைக்கிறோமே, பிறகு ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் வேல்கோவின் பேரை எடுத்தால், "அம்மா, வேறை ஏதும் சொல்லுங்கோ" என்கிறாய். நானும் மழையைப் பற்றியும் முருங்கைக்காய் விலையைப் பற்றியும் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேன். கடிதமென்றால் நீ என்னை நடுவில் மறிக்க முடியாது. வாசிக்க விருப்பமில்லையென்றால் மடித்து வைக்கலாம். ஆனால் இந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உன் புருஷன் இங்கேதான் இருக்கிறார்.

விஜயா மாமி உனக்கு ஏதாவது சொல்லியிருப்பா. அப்பாவின் தங்கச்சி எதையும் மனதில் வைத்திருக்கிற ஆள் இல்லை. நான் முழுதாய் எழுதுகிறேன். நீ சிட்னிக்குப் போன அடுத்த கிழமை, நீங்கள் இருந்த வாடகை வீட்டுச் சாவியை ஏஜென்ரிடம் கொடுத்துவிட்டு, கராஜில் கிடந்த எங்கள் ஏணியைத் திருப்பித் தர வந்தார். வைத்துவிட்டு வாசலிலேயே நின்றார். தேத்தண்ணி கொடுத்தேன். குடித்து முடிய, இனி எங்கே தங்கப் போகிறீர்கள் தம்பி என்று கேட்டேன். ஒரு கூட்டாளி வீட்டுச் சோபாவில் என்றார். நாற்பத்துநாலு வயது, இரண்டு தரம் வெட்டின முழங்கால், சோபாவில் எப்படிப் படுப்பது? தாட்சாவின் அறை சும்மாதானே கிடக்கிறது, ஒரு கிழமை இருங்கள் என்றேன். மார்ச்சும் முடியப் போகிறது, இன்னும் இருக்கிறார்.

காலையில் எழும்பி நடக்கப் போவார். வந்து புல்லு வெட்டுவார். எங்கள் வளவில் வெட்டப் புல்லு இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் கேட்டு வெட்டுவார். பிறகு ரீவியில் சத்தத்தை நிப்பாட்டிவிட்டு, யார் யாரோ ஆடின ஃபுட்போல் மட்ச்சைப் பார்ப்பார். போன் அடித்தால் எழும்பிப் போய் எடுப்பார். கதைத்து முடிந்ததும் மெதுவாய் வைப்பார். கோச் தேடுகிற கிளப் ஒன்றும் அவரை இன்னும் கூப்பிடவில்லை. எங்கள் இரண்டு பேருடைய இங்கிலிஷும் ஒரே அளவு உடைசல், அதனால் ஒருவர் சொல்வது மற்றவருக்கு நல்லாய் விளங்குகிறது.

போன கிழமை வெரிபீ சவுத் தோட்டக்காரரிடம் ஒரு பெட்டி சிவப்புக் கப்சிகம் வாங்கி வந்து, பின்வளவில் கரி மூட்டிச் சுட்டார். தோல் உரித்து அரைத்து, எண்ணெயில் கிண்டிக் கிண்டிப் போத்தலில் அடைத்தார். அவர்களுடைய ஊரில் மாரிகாலத்துக்கு எல்லா வீட்டிலும் செய்வதாம். புட்டோடு நல்லாய் இருக்கிறது. நான் இரண்டு கொச்சிக்காய் கூடப் போட்டேன். அவர் நிறையத் தண்ணீர் குடித்தார்.

அதைக் கிண்டும்போதுதான் தன்னுடைய கதையைச் சொன்னார். பதினொரு வருஷ மருமகன், நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அப்பாவுக்குத்தான் எல்லாம் தெரியும். அவர்களுடைய நாட்டில் மொராவா என்று ஒரு ஆறு, அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பட்டினம். பேர் என் வாயில் நுழையவில்லை. தகப்பன் கண்ணாடி ஃபக்ரறியில் வேலை. பதினேழு வயதில் ஊர்க் கிளப்பின் பெரிய அணியில் எடுத்தார்களாம். அடுத்த வருஷம் சண்டை வந்து விமானங்கள் குண்டுபோடத் தொடங்க மட்ச் எல்லாம் நின்றுவிட்டது. பள்ளிக்கூட விறாந்தையில் ஓடிப் பழகினார்களாம். நாங்கள் தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணத்தை விட்டுச் சாவகச்சேரிக்கு நடந்ததை நான் சொன்னேன். தெரியும், மாமா சொல்லியிருக்கிறார் என்றார். தன்னுடைய கதையைத் திரும்பத் தொடங்கினார். பிறகு கிரேக்கம், பெல்ஜியம், கடைசியாய் இங்கே. முழங்கால் போனது. ஆஸ்பத்திரியில் அந்த முழங்காலை ஸ்கான் எடுத்த பிள்ளை நீ. அதற்குப் பிறகு நடந்தது உனக்குத்தான் கூடத் தெரியும்.

மெல்பேர்ன் கிளப் அவரை வேலையால் நிப்பாட்டின நாளையும் சொன்னார். கிளப்பிலிருந்து போன் வரும்போது அவர் காரில் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தாராம். பெடியளுக்குச் சொல்லிவிட்டு வருவோம் என்று போனால், கேற்றில் அவருடைய கார்ட் வேலை செய்யவில்லை. வேலிக்கு வெளியே நின்றிருக்கிறார். ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராய் வேலியடிக்கு வந்து, கம்பி இடுக்கால் கை கொடுத்தார்களாம். அதைச் சொல்லும்போதும் கிண்டுகிற கையை நிப்பாட்டவில்லை.

உன் கோபத்தை நான் பிழை சொல்லவில்லை, பிள்ளை. பெர்த் வேலைக்குக் கையெழுத்து வைத்த பிறகுதான் உனக்குப் போனில் சொன்னார். தாய்லாந்து வேலையும் அப்படித்தான். இரண்டு தரமும் நீ நல்ல வேலையை விட்டுவிட்டுப் பின்னால் போனாய். மெல்பேர்ன் கிளப்பின் பெரிய கோச் ஆனதை நீ செய்தியில் பார்த்தாய். அந்த வேலை போனதையும் உன்னோடு வேலை செய்கிற பிள்ளை சொல்லித்தான் அறிந்தாய். இதெல்லாம் எனக்குத் தெரியும். அவருக்காக நான் வழக்குப் பேச வரவில்லை.

விஜயா மாமிதான் பொறுக்கமாட்டாமல் நிற்கிறா. மகள் சிட்னியில், மருமகன் மாமியார் வீட்டில், அதுவும் வெள்ளைக்காரன், சனம் என்ன கதைக்கும் என்று கேட்டா. சனம் கதைக்கட்டும், அப்பாவின் செத்தவீட்டுக்குப் கொரோனாவால் பத்துப் பேர்தான் வரலாம் என்று அரசாங்கம் சொன்ன நேரம் பெட்டி தூக்கினவர்களில் அவரும் ஒருவர் என்றேன். அதற்குப் பிறகு அவ இந்தப் பக்கம் வரவில்லை.

அவரை அனுப்பச் சொன்னால் அனுப்புகிறேன். இருக்கட்டும் என்றால் இருக்கட்டும். நீ ஒன்றும் சொல்லாவிட்டால் இருக்கச் சொன்னதாகத்தான் எடுப்பேன்.

வேலைக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போ. ஒவ்வொரு நாளும் கடைச் சாப்பாடு கூடாது.

உன் நினைவோடு இருக்கும்,
அம்மா சிவமணி

*

வெரிபீ
8 ஜூன் 2025

பாசமுள்ள தாட்சாவுக்கு,

நீயும் உன் வேலையும் நல்லபடி இருக்க வேண்டும். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. ஹீற்றரைத் திருத்திவிட்டோம்.

என் கடிதத்துக்கு உன் மெசேஜ் வந்தது. "உங்கட விருப்பம் அம்மா." அதோடு சரி. என் விருப்பப்படி அவர் இருக்கிறார். இப்போது அவருக்கு ஒரு வேலையும் இருக்கிறது, சம்பளம் இல்லாத வேலை.

எப்படி வந்ததென்றால், சித்திரை வருஷப்பிறப்புக்கு என்னை த பேசின் என்ற இடத்துப் பிள்ளையார் கோயிலுக்குக் காரில் கூட்டிக்கொண்டு போனார். நகரத்துக்கு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு. நான் உள்ளே போக அவர் கார் நிற்கிற இடத்தில் நின்றார். கௌரிசங்கர் என்று ஒரு தம்பி அவரை அடையாளம் கண்டு பிடித்துவிட்டார். இங்கே மேற்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிளப்பை நடத்துகிற ஆட்களில் ஒருவர். அவர்களுடைய பெண்கள் அணிக்குக் கோச் இல்லை, இருந்தவர் நடுவில் விட்டுவிட்டுப் போய்விட்டாராம், கடைசி இடத்தில் நிற்கிறார்களாம். உங்களைப் போல ஒருவரைக் கேட்க எனக்கு வெட்கம், ஆனால் கேட்கிறேன் என்றாராம். வேல்கோ பயிற்சி எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

இப்போது செவ்வாயும் வியாழனும் பயிற்சி, ஞாயிறு மட்ச். சில நாளில் நானும் போய்க் காருக்குள் இருப்பேன். வீட்டில் தனிய இருப்பதைவிட அது பரவாயில்லை. பிள்ளைகள் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். ஒருத்தி பஸ் ஓட்டுகிறா. கௌரிசங்கரின் தங்கச்சி சயந்தினி நர்ஸ், அவதான் கோல் காக்கிறது. முதல் மட்ச்சில் நாலு கோல் விட்டா. வேல்கோ கத்துவார் என்று நினைத்தேன். கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். மட்ச் முடிய ஒவ்வொருவரிடமும் போய், ஒவ்வொரு விஷயம் சொன்னார். மூன்றாவது மட்ச் ஒன்றுக்கு ஒன்று என்று சமமாய் முடிந்தது. அந்தப் பிள்ளைகள் உலகத்தையே வென்றதுபோலக் கட்டிப்பிடித்தார்கள்.

இனி எழுதப் போவதுதான் முக்கியம். போன மாதம் ஒரு வியாழக்கிழமை, பயிற்சி முடிந்து எல்லோரும் பை கட்டுகிற நேரம், சயந்தினியைக் கோல் கம்பத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதைத்தார். கன நேரம். அந்தப் பிள்ளை முதலில் தலையை ஆட்டினா, பிறகு கண்ணைத் துடைத்தா, பிறகு ஏதோ கேட்டா. அவர் அவசரப்படாமல் பதில் சொன்னார். கடைசியில் இரண்டு பேருமாய் வலையைக் கழற்றிச் சுருட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். காரில் வரும்போது என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். இந்த ஞாயிறு வேறை பிள்ளை கோல் காக்கும் என்று சொன்னாராம். ஆடுகிறவர்களின் பேரைச் சுவரில் ஒட்டுவதற்கு முதலே சொல்லிவிட வேண்டும், முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றும் சொல்ல வேண்டும், அதுதான் அணியை நடத்துகிற மனேஜரின் வேலை, பந்தைப் பற்றித் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. தாய்லாந்துக்குப் போவதைத் தாட்சாவுக்கு எப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

வீட்டு வாசலில் காரை நிப்பாட்டிவிட்டு, சாவியைக் கழற்றாமல் அப்படியே இருந்தார். நான் உள்ளே போய் இடியப்பம் அவித்து எடுத்து வைத்தேன். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

அது நடந்து இரண்டு கிழமை இருக்கும், அவருடைய ஊரிலிருந்து போன் வந்தது. அவர் பதினேழு வயதில் ஆடத் தொடங்கின அதே கிளப். இப்போது இரண்டாம் தரத்தில் நிற்கிறதாம். காசு பெரிதாக இல்லை, நல்ல ஆட்டக்காரர்களையும் விற்றுவிட்டார்கள். ஆனால் மனேஜராக வா என்று கேட்கிறார்கள். இரண்டு வருஷம். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். அவர் அந்தப் போனைக் குசினிக்குள் நின்று கதைத்தார், எனக்கு அந்தப் பாஷையில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் வைத்த பிறகு சிங்குக்குள் கிடந்த கோப்பை எல்லாவற்றையும் கழுவினார், கழுவினதைத் திரும்பவும் கழுவினார்.

தாட்சாவுக்குச் சொன்னீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். அவருக்குப் பதிலாய் நான் சொல்ல முடியுமா என்று கேட்கிறாரோ என்று பார்த்தேன். அப்படிக் கேட்டிருந்தால் மாட்டேன் என்றிருப்பேன். அவர் கேட்டது வேறு. "மாமி, இந்த முறை கையெழுத்துக்கு முதல் அவவிடம் கேட்க வேண்டும். போனில் இல்லை. அவ என்னைப் பார்ப்பாவா?" இதை எனக்கு விளங்கும்படி இரண்டு தரம் சொன்னார்.

நீ அவரை உன் டூங்காபி வீட்டுக்கு வரக்கூடாது என்று சொல்லியிருக்கிறாய். சரி. வருகிற இருபத்தோராம் திகதி, சனிக்கிழமை, நாங்கள் உங்கள் பக்கத்து ஹெலன்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோயிலுக்கு வருகிறோம். எனக்கு ஒரு நேர்த்தி இருக்கிறது, அது உண்மை. பகல் பன்னிரண்டு மணியளவில் கோயிலில் நிற்போம். கோயில் உன் வீடில்லை, அவருடைய வீடும் இல்லை.

நீ அவருக்கு ஓம் சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இல்லை என்று சொல்வதென்றாலும் முகத்தைப் பார்த்துச் சொல். அந்த மனிதர் அதற்காகவாவது ஒன்பது மணித்தியாலம் கார் ஓடத் தயாராய் இருக்கிறார். வரமாட்டாய் என்றால் எனக்கு முதலே அறிவி. அவரை அங்கே வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்க வைக்க எனக்கு மனமில்லை.

எந்த முடிவும் உனக்கு நல்லதாய் அமையட்டும்.

உன்னை எதிர்பார்க்கும்,
அம்மா

*

வெரிபீ
6 ஜூலை 2025

என் பிள்ளை தாட்சாவுக்கு,

நீ சுகமாய் இருப்பாய் என்று நம்புகிறேன். ஹெலன்ஸ்பர்க்கில் பார்த்தபோது கொஞ்சம் மெலிந்திருந்தாய். அங்கே வைத்து அதைச் சொன்னால் வேறு கதை தொடங்கிவிடும் என்று சொல்லவில்லை.

நீங்கள் இரண்டு பேரும் என்ன கதைத்தீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. என் பக்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன். நீ மழையில் குடையில்லாமல் வருவதைக் கண்டதும் அவர் எழும்பினார். நான் மேலே அபிஷேகம் பார்க்கப் போய்விட்டேன். அது முடிந்த பிறகும் ஒவ்வொரு சன்னிதியாய் இரண்டு தரம் சுற்றினேன். கால் உளைந்தது. கீழே கன்ரீனுக்கு இறங்கி வர, நீங்கள் இரண்டு பேரும் மழையைப் பார்த்துக்கொண்டு இருந்தீர்கள். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. ஆனால் நீ அவருடைய தட்டிலிருந்த சட்னியில் உன் தோசையைத் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். நான் ஒன்றும் காணாத மாதிரி வந்து இருந்தேன்.

திரும்பி வரும்போது, இடையில் கண்டகாயில் பெற்றோல் அடிக்க நிப்பாட்டின இடத்தில்தான் சொன்னார். நீ, கேட்டதற்கு நன்றி என்று சொன்னாயாம். போ என்று சொன்னாயாம். நான் வரமாட்டேன் என்றும் சொன்னாயாம். மூன்றையும் விரலில் எண்ணிச் சொல்லிவிட்டு, இது நல்லதா கெட்டதா மாமி என்று கேட்டார். எனக்குத் தெரியாது தம்பி என்றேன். உண்மையிலேயே தெரியாது. பிறகு அவர் இரண்டு பேருக்கும் கோப்பி வாங்கிக்கொண்டு வந்தார். என்னுடையதில் சீனி போட மறந்துவிட்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பயிற்சிக்குப் போய் அந்தப் பிள்ளைகளுக்குச் சொன்னார். மைதானத்தின் நடுவில் எல்லோரையும் வட்டமாய் இருத்திவிட்டு, தானும் ஈரப் புல்லில் இருந்து சொன்னார். நான் காருக்குள்ளிருந்து பார்த்தேன். சயந்தினிதான் முதலில் எழும்பி வந்து கை கொடுத்தா. அவ இப்போது திரும்பவும் கோல் காக்கிறா. பஸ் ஓட்டுகிற பிள்ளை அவரோடு கோபித்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டா. அவர் அவவின் பின்னால் போய்க் கார்க் கதவடியில் நின்று சமாதானம் சொன்னார். அதற்குப் பிறகுதான் வீட்டுக்கு வந்து கையெழுத்து வைத்தார். கணினியில் ஏதோ பெட்டியில் விரலால் கீறினார், அவ்வளவுதான். அந்த ஒரு கீறலுக்காக இவ்வளவு நாளும் இவ்வளவு பாடு.

போன வியாழக்கிழமை விமானம். அவரை ஏற்றிவிட்டுக் காரைத் திருப்பிக் கொண்டுவர ஆள் வேண்டும், எனக்கு ரிங் ரோட்டில் ஓடப் பயம். வேறு வழியில்லாமல் விஜயா மாமிக்குப் போன் எடுத்தேன். சமையல் வேலை இருக்கிறது என்றா, பிறகு வந்தா. ரலமரீன் விமான நிலையத்தில் வேல்கோ என்னைக் கட்டிப்பிடித்து, அவர்களுடைய முறைப்படி இந்தக் கன்னம், அந்தக் கன்னம், திரும்ப இந்தக் கன்னம் என்று மூன்று தரம் கொஞ்சினார். பிறகு திரும்பி மாமிக்கும் அப்படியே மூன்று தரம். அவ சிலை மாதிரி நின்றா. காரில் வரும்போது பாதி வழியில், இந்தப் பெடியனுக்கு அங்கே யார் சமைத்துக் கொடுப்பது என்று கேட்டா. தாய் இருக்கிறா என்றேன். தாய்க்கு எத்தனை வயது, ஏலுமோ என்று கேட்டா. அதற்குப் பிறகு இரண்டு தரம் வீட்டுக்கு வந்துவிட்டுப் போய்விட்டா.

உன் அறையைத் துப்புரவாக்கினேன். கட்டில் விரிப்பை அவரே தோய்த்து மடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். புல்லு வளரத் தொடங்கியிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் அவர் எங்கே என்று வேலிக்கு மேலால் கேட்டார். மனேஜர் வேலைக்குப் போய்விட்டார் என்றேன். நல்ல விஷயம்தானே என்றார் அவர். ஓம் என்றேன்.

நீ போ என்று சொன்னதை நான் யோசித்துப் பார்த்தேன். அவரை வேண்டாம் என்று தள்ளினாயா, ஆசைப்பட்ட இடத்துக்குப் போகட்டும் என்று விட்டாயா என்று எனக்குப் பிடிபடவில்லை. உனக்கே இன்னும் தெரியாமலும் இருக்கலாம். அவசரமில்லை. ஒன்று மட்டும்: அவர் போன் எடுத்தால் எடு. அவர் எடுப்பார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, சும்மா எழுதுகிறேன்.

சாமி உனக்குத் துணையாய் நிற்கட்டும்.

என்றும் உன்,
அம்மா

*

வெரிபீ
2 நவம்பர் 2025

என் கண்ணான தாட்சாவுக்கு,

பதினாலாம் திகதி விமானம் என்று நேற்றுப் போனில் சொன்னாய். நான் சரி என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன். எனக்குக் கனக்கச் சொல்ல இருந்தது, அதைத்தான் எழுதுகிறேன். இந்தக் கடிதம் அதற்கு முதல் வந்து சேரும். வீட்டில் ஒரு தரம் வாசி, விமானத்தில் திரும்பவும் வாசி. அங்கே நிறைய நேரம் இருக்கும்.

உன் லீவு நாலு கிழமை. போய் அவரைப் பார்த்துவிட்டு வருகிறேன், அவ்வளவுதான் அம்மா, வேறொன்றும் முடிவு செய்யவில்லை என்று மூன்று தரம் சொன்னாய். எனக்கு முதல் தரமே விளங்கிவிட்டது.

அவருடைய கிளப் எப்படி ஆடுகிறது என்று நான் சயந்தினியிடம் கேட்டு அறிந்துகொள்கிறேன். அவ போனில் பார்த்துச் சொல்லுவா. இதுவரைக்கும் ஆடினதில் மூன்றில்தான் வென்றிருக்கிறார்கள். கீழிருந்து இரண்டாவது இடம். கிளப் தலைவர் வேறொரு கோச்சோடு கதைத்துக்கொண்டிருக்கிறார் என்று ஊர் முழுக்கக் கதையாம், மாரிகால இடைவேளையோடு இவரை நிப்பாட்டினாலும் நிப்பாட்டலாம். இதை வேல்கோவே எனக்குச் சொன்னார். உனக்கு முதலே சொல்லிவிட்டாராம், நீ ரிக்கற் எடுப்பதற்கு முதலே. கையில் வேலை இல்லாமல் போகலாம், அப்படியொரு நேரத்தில் வருகிறாய், யோசித்து வா என்று சொன்னாராம். அதற்கு நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன். சிரித்தார்.

முந்தி ஒரு மட்ச் தோற்றால் இரண்டு நாளைக்கு ஆளைப் பிடிக்க முடியாது என்று நீ அழுதிருக்கிறாய். பெர்த்தில் இருக்கும்போது, அம்மா இவர் பக்கத்து அறையில் இருக்கிறார், ஆனால் எங்கே இருக்கிறாரோ தெரியாது என்று சொன்னாய். இப்போது தோற்ற அன்றைக்கே உனக்கு எடுக்கிறாராம், வென்ற அன்றைக்கும் எடுக்கிறாராம். தோற்ற அன்றைக்குத்தான் கூட நேரம் கதைக்கிறோம் என்று நீ சொன்னாய். அவர் வென்றுகொண்டிருக்கும்போது நீ போவதாய்ச் சொல்லியிருந்தால் எனக்கு இந்த அளவுக்கு நிம்மதி வந்திருக்காது. மட்ச் வென்றால் யாரும் கூட நிற்பார்கள்.

அவருக்கு வேலை போனால், அதற்காக அவரை இழுத்துக்கொண்டு வராதே. அதற்காக அங்கேயே நின்றுவிடவும் வேண்டாம். அவருடைய வேலை அப்படித்தான். இன்றைக்கு ஒரு கிளப், நாளைக்கு வேறு ஒன்று, இடையில் மாதக்கணக்கில் ஒன்றுமில்லை. அப்பா நாற்பது வருஷம் ஒரே திணைக்களத்தில் இருந்தவர், அவருக்கே இது விளங்கியிருந்தது. எனக்கு விளங்கச் சரியாய் ஒரு மாரிகாலம் போனது, காருக்குள் இருந்து பார்த்து. அவரோடு இருப்பதா இல்லையா என்பது வேறு கேள்வி. அதை நீ வேறாக வைத்து யோசி. யோசித்து இல்லை என்று வந்தாலும் நான் உன்னோடு கோபிக்கமாட்டேன், அவரோடும் கோபிக்கமாட்டேன். உங்கள் இரண்டு பேருக்கும் தனித்தனியாய் இந்த வீட்டில் ஒரு தேத்தண்ணி இருக்கும்.

அவருடைய தாயைப் பார்த்தால் என்னைப் பற்றிச் சொல். எண்பது வயதில் ஒவ்வொரு மட்ச்சுக்கும் போய், மகனை ஏசுகிறவனோடு சண்டை பிடிக்கிறாவாம். அவவுக்கு ஒரு சால்வை வாங்கி வைத்திருக்கிறேன், கம்பளி மாதிரித் தடிப்பானது, தோளில் போடலாம். விஜயா மாமியும் கறித்தூள் வறுத்துப் பொதி பண்ணித் தந்திருக்கிறா. நாற்காலிக்குக் கீழே வைக்காதே, மணக்கும், பெரிய பெட்டிக்குள் வை என்று சொல்லச் சொன்னா. இரண்டையும் திங்கட்கிழமை தபாலில் அனுப்புகிறேன்.

அங்கே குளிர் கடுமையாம். நல்ல சப்பாத்து வாங்கு. ஒரு மட்ச்சையாவது முழுதாய்ப் பார். அவர் கரையில் நிற்கிற விதத்தைப் பார். அப்பா உயிரோடு இருந்த காலத்தில் ரீவியில் அவரைக் காட்டும்போதெல்லாம், ஆள் எப்படி நிற்கிறான் பார் என்று என்னைக் கூப்பிடுவார். நான் அடுப்படியில் வேலை இருக்கிறது என்பேன்.

நாலு கிழமை போதாது என்று பட்டால் கூட்டி எடு. எனக்காக ஓடி வராதே. நத்தார் பண்டிகைக்கு விஜயா மாமி வீட்டுக்குப் போவேன், தைப்பொங்கலுக்குக் கோயிலில் ஆட்கள் இருப்பார்கள். மருந்து ஒழுங்காய்க் குடிக்கிறேன். சயந்தினியும் பயிற்சிக்குப் போகிற வழியில் எட்டிப் பார்க்கிறா. எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

நீங்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் எதைச் சொன்னாலும் முகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொள்ளும் காலம் நீளமாய் இருக்க வேண்டும் என்று கும்பிடுகிறேன்.

போய் இறங்கியதும் ஒரு போன் எடு, பிள்ளை. அங்கே எத்தனை மணி, இங்கே எத்தனை மணி என்று கணக்குப் பார்க்காதே. எந்த நேரமென்றாலும் எடு. நான் முழித்துத்தான் இருப்பேன்.

உங்கள் இருவருக்கும் வாழ்த்தோடு,
அம்மா